டப்பாவின் அடி

எங்கள் வரிசையில்
எல்லா டப்பாவுக்கும் அடிவயிறு உள்ளே போயிருக்கும்.
வாங்கிய அன்றே கொல்லன் கோட்ஸோவிடம் கொடுத்தால்
கவிழ்த்துப் போட்டு நாலு அடி.
ஒலொங்கா என்போம் அந்த அளவு டப்பாவை.
நாலு அடிக்கு, அளவொன்றுக்கு
இரண்டு கைப்பிடி காரி மிச்சம்.
வறுத்த மரவள்ளி; குருணைபோல் இருக்கும், உள்ளே மேடிருந்தால் தெரியாது.
நாளொன்றுக்கு நாற்பது டப்பா என்றால்
கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.
நான் போட்டுத்தான்
என் மகனை அக்ராவில் படிக்கவைத்தேன்.

மழைக்கு முன்னால்
பக்கத்து இடத்துக்கு அஃபெஃபா வந்தாள்.
அவள் டப்பாவின் அடி
வற்றிய உப்பங்கழிபோல் தட்டை.
விவரம் தெரியாதவள் என்று நினைத்து
பட்டறைக்கு வழி சொன்னேன்.
"தெரியும் அக்கா" என்றாள். அவ்வளவுதான்.
ஒரு வசனம் சொல்லியிருந்தால்கூட
சண்டை பிடித்திருப்பேன்.

கூட்டம் அவள் பக்கம் சாய்ந்தது.
நாங்கள் கூடிப் பேசினோம்.
அவள் ஒதுங்கப் போனால்
கடையை யாரும் பார்த்துக்கொள்வதில்லை.
அவள் மூட்டைதான் லாரியிலிருந்து கடைசியாக இறங்கும்,
மழை இறங்கிய பிறகு.
நனைந்த மூட்டையை
விற்காமல் கோழிகளுக்குப் போட்டாள்.
அதற்கும் சிரித்தோம்.

புனிதவதி என்று நினைத்துவிடாதீர்கள்.
கோபம் மூக்கின் நுனியில்.
சில்லறை குறைந்ததென்று ஒருநாள்
சுமை தூக்கும் செலாசியை அறைந்துவிட்டாள்.
பிறகு நாணயம் அவள் முந்தானை முடிச்சிலேயே இருந்தது.
மறுநாள், சந்தை பிதுங்கும் நேரம்,
அந்தப் பத்து வயதுப் பையன் முன்னால் நின்று
"தப்பு என்னுடையது, மன்னித்துவிடு" என்றாள்.
எங்கே பார்ப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.
பெரியவர்கள் அப்படிச் சொல்லி
அவன் கேட்டதில்லை.
நானும்தான்.

ஞாயிற்றுக்கிழமை
கோயிலில் கடைசி பெஞ்சில்
பிரசங்கம் பாதியிலேயே தூங்கிவிடுவாள்.
நான் முன் வரிசை. வெள்ளை உடுப்பு.
பெண்கள் சங்கத்தின் பொருளாளர்.

புழுதிக்காற்று மாதத்தில்
ஒன்பது நாள் காய்ச்சலில் கிடந்தேன்.
யாரும் கேட்காமலே
என் மூட்டைகளை அவள் விற்றிருக்கிறாள்.
பத்தாம் நாள் வந்து
பாயின் ஓரத்தில் பணத்தை எண்ணி வைத்தாள்.
"உன் டப்பாவில் அளக்க எனக்குக் கை வரவில்லை, அக்கா.
என்னுடையதில்தான் அளந்தேன்.
அதனால் உனக்குக் குறைந்ததை
என் காசில் சேர்த்திருக்கிறேன்."

குத்திக் காட்டவில்லை.
சத்தியமாகச் சொல்கிறேன், குரலில் முள்ளே இல்லை.
என் திருட்டின் லாபத்தை
தன் மடியிலிருந்து எடுத்துக் கட்டியவள்
கஞ்சி கொதிக்கிறதா என்று அடுப்பைப் பார்த்தாள்.

அன்றிரவு
காய்ச்சல் மிச்சமிருந்த கையால்
உலக்கையை டப்பாவுக்குள் விட்டுக் குத்தினேன்.
என்ன சத்தமென்று பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது.
எலி என்றேன்.

தகரம் பழசை மறப்பதில்லை.
எவ்வளவு குத்தியும்
நடுவில் சிப்பி அளவு ஒரு மேடு
இன்னும் இருக்கிறது.
அதனால் அளந்து முடித்ததும்
மேலே ஒரு கைப்பிடி போடுகிறேன்.
கொசுறா என்று கேட்பவர்களிடம்
இல்லை, உங்களுடையது என்கிறேன்.

கோட்ஸோ இப்போது என்னோடு பேசுவதில்லை.
மகன் கேட்கிறான், வியாபாரம் மந்தமா என்று.
எதிர் வரிசை டெலா நேற்று
எதையோ தேடுவதுபோல்
என் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள்.
நான் கண்டுகொள்ளவில்லை.

அந்த ஒன்பது நாள் காசை மட்டும்
இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.
கொடுத்தால் வாங்கமாட்டாள் என்று சொல்லிக்கொள்கிறேன்.
கொடுத்துப் பார்த்ததில்லை.